சித்தியின் போனில் இல்லாத பொத்தான்

“இதுல இருந்து நான் எப்படிடி வெளிய வர்றது?”

சித்தி கேட்டாள். போனை என் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டு நின்றாள். திரையில் ‘அப்பா’ என்று பெயரிட்ட ஒரு கோப்பு இருந்தது. அதை உண்டாக்கியவளே நான்தான்.

போன வருடம், என் பள்ளிக்கூடத்துக் கடைசிப் பரீட்சை முடிந்த வாரத்தில், தாத்தாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் வலது காலும் வேலை செய்யவில்லை. பேச்சு குழறியது. புத்தியில் மட்டும் ஒரு குறையும் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டிவந்த அன்று அவருடைய நான்கு பிள்ளைகளும் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். மூத்தவள் பெரியம்மா, ஒரு பள்ளியில் துணைத் தலைமையாசிரியை. அடுத்து மாமா, வேறு ஊரில் பெரிய கம்பெனியில் மேனேஜர். மூன்றாவது என் அம்மா, மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. கடைசி சித்தி. அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, தாத்தாவோடு அதே வீட்டில் இருந்தாள். பல் டாக்டர்களுக்குப் பொய்ப்பல் செய்துகொடுக்கும் லேபில் ஆறு வருடமாக வேலை செய்துகொண்டிருந்தாள்.

“ஆன்லைன்ல ஒரு டாக் ஓபன் பண்ணிடலாம். யார் எங்க இருந்தாலும் சேர்ந்து எழுதலாம். ஒருத்தர் தலைல மட்டும் விழாது” என்றார் மாமா.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வேலைவெட்டி இல்லாமல் நின்றது நான்தான். பக்கத்தில் சித்தியின் போன் கிடந்தது. அதை எடுத்து, அவளுடைய கணக்கிலேயே ஒரு கோப்பைத் திறந்து, கட்டம் போட்டேன். நேரம், மருந்து, சாப்பாடு, பிரஷர் அளவு, பாத்ரூம், கடைசியாக ‘யார்’. மற்ற மூன்று பேருக்கும் அனுப்பினேன். மறு நிமிடமே யார் எங்கே எழுதுகிறார்கள் என்று காட்டும் மூன்று வண்ணக் கொடிகள் அந்தத் தாளில் ஓட ஆரம்பித்தன. மாமாவுக்குப் பச்சை, பெரியம்மாவுக்கு ஊதா, அம்மாவுக்கு ஆரஞ்சு. “பரவாயில்லையே, கெட்டிக்காரி” என்று பெரியம்மா என் முதுகில் தட்டினாள். அந்தத் தட்டலை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

சித்தி லேபில் மூன்று வாரம் லீவு சொல்லியிருந்தாள்.

முதல் மாதம் ‘யார்’ என்ற பத்தியில் நான்கு பெயர்களும் இருந்தன. புதன்கிழமை பெரியம்மா, சனிக்கிழமை அம்மா, மாதத்தில் ஒரு வாரம் மாமா. இரண்டாம் மாதம் பெயர்களை எழுதிவிட்டு அழிக்க ஆரம்பித்தார்கள். அழித்தது யாருக்கும் தெரியாது என்று நினைத்தார்கள். ஆனால் அந்தத் தாளுக்கு ஞாபகசக்தி அதிகம். பழைய பதிப்புகளைத் திறந்தால் யார், எத்தனை மணிக்கு, எந்தப் பெயரை எடுத்தார்கள் என்று அப்படியே காட்டும். பெரியம்மா ஒரு புதன்கிழமையில் தன் பெயரை மூன்று தடவை எழுதி மூன்று தடவை எடுத்திருந்தாள். நான்காம் மாதத்திலிருந்து அந்தப் பத்தி முழுக்க ஒரே பெயர்தான்.

பெயர்கள் போன இடத்துக்குக் கேள்விகள் வந்தன. ஓரத்தில் குறிப்பு எழுதும் வசதி ஒன்று இருக்கிறது அல்லவா, அதில்.

“எட்டு மணி மாத்திரை எட்டு பத்துக்கு. தாமதத்துக்குக் காரணம்?” என்று மாமா எழுதுவார்.

“பாத்ரூம்” என்று சித்தி பதில் எழுதுவாள்.

“ஓகே, நோட்டட்.”

பெரியம்மா வேறு ரகம். “ஓட்ஸ் கஞ்சி மூன்றாவது நாளாக. சலிப்புத் தட்டாதா?” என்று சிவப்புப் பேனா பிடித்த மாதிரி எழுதுவாள். என் அம்மா எதுவும் எழுத மாட்டாள். எல்லாவற்றுக்கும் கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டுவிட்டுப் போவாள்.

நான் தினமும் அந்த வீட்டுக்குப் போவேன். இரண்டு தெரு தள்ளித்தான் எங்கள் வீடு. என்னால் ஓரிடத்தில் கால் மணி நேரம் உட்கார முடியாது என்பதால் தாத்தா எனக்கு ‘எக்ஸ்பிரஸ்’ என்று பெயர் வைத்திருந்தார். அவர் பஸ் டிப்போவில் முப்பத்தொரு வருடம் டைம் கீப்பராக இருந்தவர். எந்த வண்டி எத்தனை நிமிடம் பிந்தியது என்று எழுதியே வாழ்ந்த மனிதர். “எக்ஸ்பிரஸ் வந்தாச்சு. நிக்காது” என்று குழறிக்கொண்டே சொல்வார். உண்மைதான், நான் நிற்க மாட்டேன். சித்திக்கு ஒரு கை கொடுத்துவிட்டு ஓடிவிடுவேன்.

பிற்பகல் இரண்டு மணிக் கட்டம்தான் சித்திக்கு எமன். இரண்டு மணிக்குத் தாத்தாவின் பிரஷர் பார்த்து எழுத வேண்டும். ஒன்று ஐம்பத்தெட்டுக்கே மாமாவின் பச்சைக் கொடி அந்தக் காலிக் கட்டத்தில் வந்து நின்றுவிடும். ஒன்றும் எழுதாது. துடித்துக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான்.

“உங்க மாமன் வந்து வாசல்ல நிக்கிறான்டி” என்பாள் சித்தி. சாப்பிட்டுக்கொண்டிருந்தால் கையை உதறிவிட்டு எழுந்திருப்பாள். குளிக்கப் போனால் சோப்பு நுரையோடு வந்து நிற்பாள். “ஆள் இருந்தா ஒரு வாய் தண்ணி குடுத்து உக்கார வைக்கலாம். இதை என்ன பண்றது சொல்லு.”

ஒருநாள் அவள் அசந்து தூங்கிவிட்டாள். விழித்தபோது மணி இரண்டே கால். பச்சைக் கொடி நின்றுகொண்டிருந்தது. தாத்தாவும் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்ப மனமில்லாமல் நூற்று முப்பது, எண்பது என்று குத்துமதிப்பாக எழுதிவிட்டாள். உடனே கொடி போய்விட்டது. அப்புறம் நான்கைந்து நாள் அதே மாதிரி செய்தாள். மாமா அந்த எண்களை வைத்து ஒரு வரைபடம் போட்டு, “அருமையான கன்ட்ரோல், எல்லோருக்கும் நன்றி” என்று எழுதினார். சித்தி அதை என்னிடம் காட்டிச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடுத்த வாரம் வரைபடம் ஒரே கோடாக இருப்பதை மாமா கவனித்துவிட்டார். கேட்டபோது சித்தி மறைக்கவில்லை. அன்றிலிருந்து எண்ணை எழுதினால் மட்டும் போதாது, மெஷினைப் படம் எடுத்தும் போட வேண்டும் என்று ஆயிற்று.

அந்த வீட்டுக் குளியலறையில் மீந்துபோன சோப்புத் துண்டு எதையும் பார்க்க முடியாது. சித்தி அதையெல்லாம் எடுத்துவந்து, லேபில் மெழுகு செதுக்கும் சின்னக் கத்தியால் கடைவாய்ப் பல்லாகச் செதுக்கிவிடுவாள். ஜன்னல் விளிம்பில் வரிசையாக வைத்திருப்பாள். பச்சைப் பல், ரோஸ் பல், வெள்ளைப் பல். “கை மறந்துடக் கூடாதுல்ல” என்பாள். பதினாறு வகை வெள்ளைகளை வரிசையாகக் கோத்த ஒரு மாதிரிப் பட்டை அவளிடம் இருந்தது. பேசும்போது என் பல்லுக்குப் பக்கத்தில் அதை வைத்துப் பார்த்து, “காபியக் குறைச்சுக்க” என்பாள். மூன்று வார லீவு பதினோரு மாதம் ஆகியிருந்தது.

அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டாள். தாளின் மேல்மூலையில் பெரியம்மாவின் வட்டப் படத்தைக் காணவில்லை.

“பெரியக்கா எங்கடி போனா?”

பார்த்தேன். பெரியம்மா கோப்பிலிருந்து தன்னை நீக்கிக்கொண்டிருந்தாள். வகுப்பு நடக்கும்போது போன் மணியடித்துத் தொல்லையாக இருந்ததாம். அம்மா புதுப் போன் வாங்கியபிறகு அந்தக் கோப்பைத் திறக்கவே இல்லை.

“இப்படித் தன்னையே எடுத்துக்கலாமா?”

“ஆமா சித்தி. மெனுவுல ஒரு பட்டன் இருக்கு.”

“எனக்குக் காட்டு.”

அவளுடைய போனில் தேடினேன். அந்தப் பொத்தானே இல்லை. “அப்ப இதுல இருந்து நான் எப்படிடி வெளிய வர்றது?” என்று போனை நீட்டினாள். மேலும் கீழும் தள்ளிப் பார்த்தேன், இணையத்தில் தேடிப் படித்தேன். கோப்பை உண்டாக்கிய கணக்கு எதுவோ, அதுதான் அதன் உரிமையாளர். மற்றவர்கள் நினைத்த நேரத்தில் வெளியேறலாம். உரிமையாளர் மட்டும் முடியாது. வேறு ஒருவருக்கு உரிமையை மாற்றிக்கொடுக்கலாம், ஆனால் அந்த ஒருவர் சம்மதம் என்று அழுத்த வேண்டும். அழுத்தாதவரை மாறாது.

பதினோரு மாதத்துக்கு முன்னால் எந்தப் போன் கைக்குக் கிடைத்ததோ அதை எடுத்தவள் நான். “நெட் சரியில்ல சித்தி, அப்புறம் பாக்கறேன்” என்று சொல்லிவிட்டு ஓடிவந்துவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை, லேபிலிருந்து மேடம் கூப்பிட்டார். புதுக் கிளை திறக்கிறார்கள், கம்ப்யூட்டரில் பல் வடிவமைக்கும் மெஷின் வருகிறது, அதற்கு மூன்று வாரப் பயிற்சி. வெளியூரில், தங்குமிடத்தோடு. திங்கட்கிழமை தொடங்குகிறது. “உன் கைதான் எனக்கு வேணும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள சொல்லு. இல்லன்னா வேற பொண்ணுக்குக் குடுத்துடுவேன், தப்பா நினைக்காத” என்றாராம்.

சித்தி அன்று கஞ்சியைத் தீய்த்துவிட்டாள். முகம் மட்டும் விளக்குப் போட்ட மாதிரி இருந்தது.

“போன் பண்ணி எல்லார்கிட்டயும் சொல்லு” என்றேன்.

“பண்ணினா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். பெரியக்கா அழுவா. அண்ணன் இங்கிலீஷ்ல பேசுவான். உங்கம்மா ‘அப்புறம் கூப்பிடறேன்’னு வைப்பா. எழுதியே போட்டுடறேன். எழுதினதை யாரும் இல்லன்னு சொல்ல முடியாதுல்ல.”

பெரியம்மாவை மறுபடி கோப்பில் சேர்த்து, அம்மாவின் புதுப் போனிலும் அதைத் திறந்துவைக்கச் சொன்னாள். செய்தேன். புதன்கிழமை காலையில் கட்டங்களுக்கு மேலே, பெரிய எழுத்தில், இரண்டே வரி எழுதினாள்.

‘திங்கட்கிழமை முதல் மூன்று வாரம் நான் வேலைப் பயிற்சிக்குப் போகிறேன். நீங்கள் மூவரும் அப்பாவைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.’

பத்து நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பச்சை வந்தது. மாமா எதையும் நேரடியாக அழிக்க மாட்டார். அவருடைய ஆபீஸ் பழக்கப்படி திருத்தத்தைப் பரிந்துரையாகத்தான் போடுவார். ‘போகிறேன்’ மேல் கோடு விழுந்தது. பக்கத்தில் ‘போக விரும்புகிறேன்’. அடுத்து ஊதா வந்தது. ‘அப்பாவின் உடல்நிலை இடம் கொடுத்தால்’ என்று வரியின் முன்னால் சேர்ந்தது. மறுபடி பச்சை: ‘தகுந்த நர்ஸ் கிடைத்த பிறகு.’ மறுபடி ஊதா: ‘திங்கட்கிழமை’ போய் ‘பள்ளி விடுமுறை தொடங்கியதும்’ வந்தது. அதற்கு இன்னும் ஒன்றரை மாதம் இருந்தது.

அன்று மாலை அம்மா எனக்குப் பக்கத்தில் சோபாவில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆரஞ்சுக் கொடி அசைந்தது. ‘நீங்கள் மூவரும்’ மறைந்து, ‘நாம் எல்லோரும்’ என்று ஆனது.

“ஏம்மா அதை மாத்துற?”

“மூணு பேரும்னா கோர்ட்ல தீர்ப்பு சொல்ற மாதிரி இருக்கு. இது நல்லாருக்குல்ல, குடும்பம் மாதிரி.”

“எல்லாரும்னா சித்தியும் அதுல வர்றாங்களே.”

“வந்தா என்ன, அவ யாரு, அன்னியமா?” என்றாள் அம்மா. பிறகு, என்னைப் பார்க்காமல், “எனக்குக் கடைல லீவு கிடைக்காதுடி” என்றாள்.

வியாழக்கிழமை சித்தியின் இரண்டு வரி ஐந்து வரியாகியிருந்தது. அப்பாவின் உடல்நிலை இடம் கொடுத்தால், தகுந்த நர்ஸ் கிடைத்த பிறகு, பள்ளி விடுமுறை தொடங்கியதும், எல்லோருக்கும் வசதிப்பட்டால், ஒரு பயிற்சிக்குப் போகலாமா என்று யோசிக்கிறேன், அதுவரை எல்லோரும் சேர்ந்து அப்பாவைப் பார்த்துக்கொள்வோம். படித்தால் அவளே எழுதிய மாதிரிதான் இருந்தது.

“எல்லாத்தையும் ரிஜெக்ட் பண்ணு சித்தி. உனக்கு அந்த உரிமை இருக்கு.”

“பண்ணினா மறுபடி எழுதுவாங்க. எனக்கு அந்த உரிமையே வேணாம்டி. அதை யார்கிட்டயாவது குடுக்கலாம்னு நீ படிச்சியே, மறைச்சுட்டல்ல?”

எப்படியோ அவளும் தேடிப் படித்திருக்கிறாள். அவள் திட்டவில்லை. “போகட்டும். இப்பக் காட்டு” என்றாள்.

உரிமையை முதலில் மாமாவுக்கு அனுப்பினோம். ஐந்தே நிமிடத்தில் பதில்: “எனக்கு எதுக்கு? நீ ஸ்பாட்ல இருக்கற ஆள், உன்கிட்ட இருக்கறதுதான் லாஜிக்.” பெரியம்மா மடலைத் திறக்கவே இல்லை. அம்மாவுக்கு அது வந்தபோது நான் எதிரில்தான் இருந்தேன். பார்த்தாள், போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள், காய் நறுக்கப் போனாள்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்றரை. சித்தி தரையில் உட்கார்ந்து சோப்பைச் செதுக்கிக்கொண்டிருந்தாள். அது பல்லாக வரவில்லை, தேய்ந்துகொண்டே போனது. நான் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். வீடியோவில் பேசுவதற்காக மாமா வாங்கிக்கொடுத்த பெரிய டேப் திரை தாத்தாவின் கட்டிலோரம் சாய்ந்திருந்தது. அதில் தாத்தா பெயரில் ஒரு கணக்கு இருந்தது.

“தாத்தாவுக்கு அனுப்பினா?” என்றேன், சும்மா வாய்க்கு வந்தபடி.

சித்தி கத்தியைக் கீழே வைத்தாள். “அவருக்கு இப்படி ஒண்ணு இருக்கறதே தெரியாதேடி.”

உண்மைதான். பதினோரு மாதமாக அவரைப் பற்றி நான்கு பேர் எழுதுகிறார்கள், அவரிடம் ஒரு வார்த்தை யாரும் சொல்லவில்லை. அனுப்பினோம். திரையை அவர் மடியில் வைத்துக் கோப்பைத் திறந்துகாட்டினேன். கண்ணாடியை மாட்டிவிட்டேன்.

தாத்தா மேலிருந்து படித்தார். இடது கட்டைவிரலால் மெதுவாகத் தள்ளித் தள்ளிப் படித்தார். ஐந்து வரியைக் கடந்து கட்டங்களுக்கு வந்தார். ‘பாத்ரூம்’ என்ற பத்தியில் விரல் நின்றது. ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு வேளையும் அதில் இருந்தது. துணி நனைந்த நாட்களும் இருந்தன. அதன் ஓரத்தில் பெரியம்மாவின் கேள்விகளும் இருந்தன.

“இத எத்தன பேர் பாக்கறீங்க?”

“நாலு பேர்ப்பா” என்றாள் சித்தி.

“டிப்போல டிரைவரக் கூட... நான் இப்படி எழுதினதில்ல.”

அவர் மறுபடி மேலே போனார். கோடு விழுந்த இடத்தில் முதலில் என்ன இருந்தது என்று காட்டச் சொல்லிக் கையை ஆட்டினார். சித்தியின் அந்த இரண்டு வரிகளைத் திறந்துகொடுத்தேன். படித்துவிட்டு அவளைப் பார்த்தார்.

“திங்கக்கெழம போறியா?”

“போலாம்னு இருந்தேன்.”

“ஊருக்கெல்லாம் எழுதிப் போட்ட. பக்கத்து ரூம்ல கெடக்கற எங்கிட்ட ஏன் சொல்லல?”

சித்தி தரையிலிருந்து எழுந்தாள். தன் மேல் எல்லோரும் கோடு போட்டார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தவள், தானும் ஒருவரைத் தாண்டிப் போயிருக்கிறோம் என்று அப்போதுதான் பார்த்தாள் போலிருக்கிறது. அவர் கால்மாட்டில் போய் உட்கார்ந்தாள்.

“நீங்க போகாதன்னு சொல்லிடுவீங்களோன்னு பயம்ப்பா.”

“சொல்லுவேன்தான். எனக்குப் புடிக்கல. உன் கை பழகிப்போச்சு.” மூச்சு வாங்கிக்கொண்டார். “மணி என்ன?”

“நாலு இருபது” என்றேன்.

“வண்டி எப்ப?”

“அஞ்சுக்குள்ள சொல்லணும் தாத்தா.”

சம்மதம் என்ற பொத்தானை அவரே தேடி அழுத்தினார். கோப்பு அவருடையதாயிற்று. இப்போது சித்தியின் போனில் வெளியேறும் பொத்தான் வந்திருக்கும். அவள் அதைத் தேடவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தாள். தாத்தா பொறுத்துப் பார்த்தார். பிறகு, “இதுல ஒருத்தர எப்படி எறக்கி விடறது, எக்ஸ்பிரஸ்?” என்று கேட்டார்.

காட்டினேன். கட்டைவிரல் முதல் தடவை தவறான பெயரில் பட்டது, திரும்பி வந்தது. இரண்டாம் தடவை சித்தியின் பெயர் பட்டியலிலிருந்து போயிற்று.

சித்தி தன் போனைப் பார்த்தாள். ‘இந்தக் கோப்பைப் பார்க்க உங்களுக்கு அனுமதி இல்லை’ என்று வந்திருந்தது. கீழே ‘அனுமதி கேள்’ என்று ஒரு நீலப் பொத்தான். அவள் அதை இரண்டு முறை வாய்விட்டுப் படித்தாள். பிறகு எழுந்து சமையலறைக்குப் போய் மேடத்துக்குப் போன் செய்தாள். நாலு நாற்பத்தொன்று.

ஐந்து மணிக்கு மாமா கூப்பிட்டார். “அப்பா ஐ.டி.ய யார் யூஸ் பண்றது?”

“அப்பாதான்” என்றார் தாத்தா.

திங்கட்கிழமை சித்தி ஒரு பையோடு கிளம்பினாள். அந்த மூன்று வாரம் பெரியம்மா இரண்டு ஞாயிற்றுக்கிழமை வந்தாள். அம்மா சனிக்கிழமைகளில் வந்தாள். மாமா இரண்டாம் வாரம் ஒரு நர்ஸை ஏற்பாடு செய்தார், அவர் நான்கு நாளில் நின்றுவிட்டார். மீதி நாளெல்லாம் நான் உட்கார்ந்தேன். தாத்தா முதல் வேலையாக ‘பாத்ரூம்’ பத்தியை எடுத்துவிட்டார். பிரஷர் எண்ணை மட்டும் எழுதச் சொல்லி, தன் சிவப்புக் கொடியோடு இரண்டு மணிக் கட்டத்தில் வந்து நிற்பார். மாமாவைவிட மோசம். மூன்றாம் நாளே எனக்கு மூச்சு முட்டியது. கதவு திறந்துதான் இருந்தது, ஆனால் எழுந்து போக முடியவில்லை. ஜன்னல் விளிம்பில் சித்தியின் சோப்புப் பற்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. பதினோரு மாதம் என்பது எவ்வளவு நீளம் என்று அந்த நாற்காலியில்தான் எனக்குத் தெரிந்தது.

ஐந்தாம் நாள், சரியாக இரண்டு மணிக்கு, தாத்தாவின் திரையில் ஒரு வரி வந்தது. கோப்பைப் பார்க்க அனுமதி கேட்டிருந்தாள் சித்தி.

தாத்தா திரையை என் பக்கம் திருப்பினார். “இத என்ன செய்யறது?”

“குடுக்கலாம். இல்லன்னா அப்படியே விட்டுடலாம்.”

“அவளுக்கு போன் போடு” என்றார். போட்டுக்கொடுத்தேன். “நூத்தி நாப்பது, எண்பத்தஞ்சு. சாப்பிட்டேன். நீ சாப்பிட்டியா?” என்று கேட்டுவிட்டு வைத்தார். அனுமதியைக் கொடுக்கவில்லை. அந்த வேண்டுகோள் இன்னும் அங்கேயே இருக்கிறது.

சித்தி இப்போது புதுக் கிளையில் இருக்கிறாள். மாலையில் வீட்டுக்கு வருகிறாள். பகலுக்கு ஆள் தேடிக்கொண்டே இருக்கிறோம். ‘யார்’ பத்தியில் என் பெயர்தான் அதிகம். எனக்கும் படிக்கப் போக வேண்டும், அதை நான் எந்தத் தாளிலும் எழுதாமல் தாத்தாவிடமே வாயால் சொல்லிவிட்டேன். “பாப்போம்” என்றிருக்கிறார்.

சித்தி அன்று கேட்டதற்கு என்னால் சொல்ல முடிந்த பதில் இவ்வளவுதான். உங்கள் குடும்பத்திலும் இப்படி ஒரு தாள் இருக்கலாம். அதில் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால், இந்தக் கதையை அந்தப் பெயருக்கு அனுப்ப வேண்டாம், அவருக்கு இது தெரியும். எழுதிவிட்டு அழித்த பெயர்கள் இருக்கின்றன அல்லவா, அவர்களுக்கு அனுப்புங்கள். படித்துவிட்டு அவர்களும் இன்னொருவருக்கு அனுப்பட்டும்.